இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

எஸ்தர் சினிமாப் படங்களை வெட்டித் தொகுக்கிறவர். சாலிகிராமத்தில், ஒரு மூன்றாவது மாடியில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்த அறை அவருடையது. அவரிடம் இரண்டு பேர் தொழில் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவன் வைரவன். எஸ்தரைவிட ஐந்து வயது பெரியவன். தேவகோட்டையில் பத்தொன்பது வருஷம் கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி, பாட்டுப் போட்டுக் கொடுத்தவன். நாற்பது வயதுக்கு மேல் கடையை மூடிவிட்டு இங்கே வந்தான். வந்து ஏழு வருஷம் ஆகிறது.

இன்னொருத்தி ஹபீபா. காது கேட்கும் கருவி விற்கிற கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். இங்கே வந்து பதினாறு மாதம்.

அந்த அறைக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன.

ஒன்று, நோட்டு. படப்பிடிப்பிலிருந்து வந்த துண்டுகளைப் பார்க்கும்போது யாருக்கு எது தட்டுப்பட்டாலும் அதைப் பொது நோட்டில் எழுத வேண்டும். காட்சி எண், டேக் எண், எத்தனை விநாடி. கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘என்ன இருக்கிறது’ என்று எஸ்தர் கையெழுத்தில் எழுதியிருக்கும். ஒருவர் கண்டது எல்லாருக்கும்.

மற்றது, மூன்று மணிப் பார்வை. வெட்டிய காட்சியை விளக்கணைத்து ஒரே ஒரு முறை ஓட்டுவார்கள். நிறுத்தக் கூடாது. திருப்பிப் போடக் கூடாது. வெட்டியவர் கதவோரம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பார்த்தவர், என்ன பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

“தியேட்டர்ல யார் கையிலயும் ரிமோட் கிடையாது” என்பார் எஸ்தர்.

ஒரு திங்கள்கிழமை நாற்பத்தேழாம் காட்சியை அவர் இருவருக்கும் கொடுத்தார்.

கல்யாண வீட்டில் ஓர் அறை. அக்காவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. தங்கைக்கு ஒரு மணி நேரத்தில் முகூர்த்தம். தங்கைக்கு அக்கா புடவை கட்டிவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. தங்கை ஓயாமல் பேசுகிறாள். அக்கா ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் பல்லிடுக்கில் ஊக்குகள்.

“தனித்தனியா வெட்டுங்க. வெள்ளிக்கிழமை பார்ப்போம். ரெண்டுல ஒண்ணு படத்துல இருக்கும். வெட்டினவங்க பேரு டைட்டில்ல என் பேருக்குப் பக்கத்துல வரும்.”

ஹபீபா தலையாட்டிவிட்டுப் போனாள். வைரவன் நின்றான்.

“மேடம், நான் ஏழு வருஷமா இருக்கேன்.”

“ஆமா.”

“அது வந்து பதினாறு மாசம்.”

“எண்ணிட்டே இருக்கீங்களா?”

“காட்சி ஒண்ணுதானே இருக்கு. எதுக்கு மேடம் ரெண்டு பேருக்கு?”

“ஒண்ணுதான் இருக்கான்னு பார்க்கத்தான்.”

வைரவனுக்கு இது பதிலாகப் படவில்லை. அவன் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். ஹபீபா கொண்டுவந்த கடல்பாசி இனிப்பை மேடம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த சீப்புச் சீடை மூடி திறக்காமல் பத்து நாள் மேசைமேல் இருந்தது. எதையாவது ஓட்டிப் பார்க்கும்போது மேடம் ஹபீபா பக்கம் திரும்பி “கேட்டுச்சா?” என்பார். அவன் பக்கம் திரும்பி ஒருநாளும் கேட்டதில்லை. அவனுக்கும் இரண்டு காது இருந்தது.

புதன்கிழமை அவனுக்கு ஒன்று கிடைத்தது.

அக்காவாக நடித்தவரின் முகம் பதினான்கு டேக்குகளில் இருந்தது. பதினான்கிலும் அந்த அம்மாள் பொறாமையைச் சிரமப்பட்டு நடித்திருந்தார். கண்ணைச் சுருக்கினார். உதட்டைக் கடித்தார். ஆறாவது டேக்கில், இயக்குநர் ‘கட்’ சொன்ன பிறகும் கேமரா கொஞ்ச நேரம் ஓடியிருந்தது. அது யாரும் பார்க்காத பகுதி. அதில் அவர், மணப்பெண்ணின் தோளுக்கு மேலாக, அசையாமல் பார்த்தார். இரண்டரை விநாடி.

வைரவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் கூட்டத்தில் ஒருத்தியின் முகத்தில் அது வந்து போகும். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ முறை அதைப் பிடித்திருக்கிறான். வீட்டாரிடம் கொடுப்பதற்கு முன் எடுத்து எறிந்துமிருக்கிறான்.

நோட்டை இழுத்து, பேனா மூடியைக் கழற்றினான். எதிர்க் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஹபீபா காதில் ஹெட்ஃபோனோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எதையோ கேட்டுத் தானாகச் சிரித்தாள்.

அவன் பேனாவை மூடினான்.

அந்த ஷாட்டைத் தனியாக எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டான். ஃபோல்டருக்கு ‘லென்ஸ் டெஸ்ட்’ என்று பெயர் வைத்தான். அதை யாரும் திறக்க மாட்டார்கள். ‘கட்’ சொன்ன பிறகு பதிவாகிற சத்தம் வெறும் இரைச்சல் என்பதால், அதை ஆரம்பத்திலேயே அணைத்துவிட்டான். முகத்தின் இடது பாதியை இருட்டாக்கினான். ஒரு வயலின் வைத்தான். ஓட்டிப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். அன்று சாப்பாட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் ஹபீபா அவன் மேசைக்கு வந்தாள்.

“வைரவண்ணே, ஆறாவது டேக் பார்த்தீங்களா?”

அவன் தன் திரையை அணைத்தான்.

“ஆறாவதா? அதுல என்ன இருக்கு?”

“ஃபேன் சத்தம்ணே. அதுல மட்டும் ஃபேன் லேசா முனகுது. நல்லாருக்கு. நோட்டுல எழுதியிருக்கேன், வேணும்னா எடுத்துக்கங்க.”

“ஃபேன் சத்தத்துக்கெல்லாம் நோட்டா? நாளைக்கு கொசு சத்தம் எழுதுவியா?”

“நல்லா முனகுற கொசுவா இருந்தா எழுதுவேன்ணே.”

அவள் போன பிறகு ‘லென்ஸ் டெஸ்ட்’ என்ற பெயரை அழித்து ‘பழைய பில்’ என்று மாற்றினான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. சீட்டுக் குலுக்கினார்கள். ஹபீபாவின் பெயர் முதலில் வந்தது. அவள் கதவோரம் போய் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது.

கைகள் மடிப்பு எடுத்தன. விரலிடுக்கில் பட்டு ஒவ்வொரு மடிப்பாக ஏறியது. ஃபேன் முனகியது. வெளியே பந்தலில் ஒருவன் மைக் சோதித்துக்கொண்டிருந்தான். ஹலோ, ஹலோ. ஒண்ணு, ரெண்டு, மூணு. தங்கை கண்ணாடி பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். வளையல் சத்தம். மறுபடி வெளியே ஒண்ணு, ரெண்டு, மூணு.

“அக்கா, நீ கட்டினாத்தான் மடிப்பு நிக்குது. இனிமே எனக்கு யாரு கட்டிவிடுவா?” என்றாள் தங்கை.

கைகள் நின்றன.

அக்கா எழுந்துவிட்டாள் போலிருந்தது. தங்கையின் தோளில் ஒரு நிழல் ஏறியது. கண்ணாடியின் ஓரம் இருண்டது. வெளியே மைக்குக்காரன் ‘ஒண்ணு’ என்றான். ‘ரெண்டு’ என்றான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஃபேனும் இல்லை. வளையலும் இல்லை.

பிறகு, ஊக்கு பூட்டும் ‘க்ளிக்’.

“மூணு” என்றான் மைக்குக்காரன்.

விளக்கு எரிந்தது. வைரவன் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

“மேடம், அது என் ஷாட்.”

“எது?”

“அந்த முகம். ரெண்டுன்னு சொல்லி நிறுத்துறான்ல, அங்க வருதே அக்காவோட முகம். அது நான் கண்டுபிடிச்சது. ‘பழைய பில்’னு இருக்கிற என் ஃபோல்டரைத் திறந்து எடுத்திருக்கு. நேத்து வந்து ஆறாவது டேக்கு ஆறாவது டேக்குன்னு ஆழம் பார்த்துச்சு. அப்பவே நினைச்சேன்.”

ஹபீபா வாயைத் திறந்தாள். எஸ்தர் விரலை உயர்த்தினார். வெட்டியவர் பேசக் கூடாது.

“நோட்டுல எழுதினீங்களா?”

வைரவன் நோட்டைப் பார்த்தான்.

“இல்ல.”

“ஏன்?”

“மறந்துட்டேன்.”

“ம்.”

“சரி மேடம், மறக்கல. எழுதல. அது என் தப்பு. ஆனா திருட்டு வேற. ஏழு வருஷம் இந்த ரூம்ல யாரும் யார் மேசையிலயும் கை வெச்சதில்ல. இனி அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

எஸ்தர் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்து உட்கார்ந்தார்.

“எடுத்திருந்தா அவ போகட்டும். என்ன பார்த்தீங்க? சொல்லுங்க.”

“முகம்.”

“எப்படி இருந்தாங்க?”

“நேராப் பார்க்கிறாங்க. இமைக்கவே இல்ல. இடது பக்கம் இருட்டு. அதைக்கூட என்கிட்டேருந்துதான் எடுத்திருக்கு. தொண்டை லேசா அசையுது.”

“கண்ணு?”

“எரியுது மேடம்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டரை விநாடி. அதுலயும் மாத்தல.”

“ஹபீபா, திறந்து காட்டு.”

ஹபீபா வந்து உட்கார்ந்தாள். காட்சி துண்டு துண்டாகத் திரையில் விரிந்தது. பதினோரு துண்டுகள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். கைகள். பட்டு. வளையல். அக்காவின் முதுகு. கண்ணாடியில் தங்கை. மறுபடி கைகள். நிழல் ஏறிய தோள். ஊக்கு.

“முகத்தை எங்க வெச்சிருக்கே?” என்றான் வைரவன்.

“வெக்கலண்ணே.”

“நகரு.”

அவளை எழுப்பிவிட்டு அவனே உட்கார்ந்தான். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவே போனான். ஒவ்வொரு படமாக நகர்த்தினான். தோள், நிழல், கண்ணாடி. கண்ணாடியின் ஓரத்தில் இருட்டு. அந்த இடத்தில் நிறுத்தினான்.

“இங்கதான். இதுக்குள்ளதான் இருக்கு.”

“வெளிச்சத்தை ஏத்திப் பாருங்க” என்றார் எஸ்தர்.

ஏற்றினான். இருட்டு சாம்பலாகி, சாம்பல் வெளுத்து, ஒரு பீரோவின் மூலை தெரிந்தது. கைப்பிடியில் ஒரு துண்டு தொங்கியது.

அவன் மறுபடி இறக்கினான். மறுபடி ஏற்றினான். துண்டுதான்.

“நான் பார்த்தேன் மேடம்.”

“பார்த்தீங்க.”

“பொய் சொல்லல.”

“யாரு சொன்னா பொய்யின்னு?”

எஸ்தர் ஹபீபாவைப் பார்த்துத் தலையசைத்தார். இப்போது அவள் பேசலாம்.

“கடையில காது டெஸ்ட் பண்ணும்போது என் வாயை ஒரு அட்டையால மறைச்சுக்குவேன்ணே. இல்லன்னா உதட்டைப் பார்த்தே ‘கேட்குது, கேட்குது’ம்பாங்க. மறைச்சாத்தான் காது வேலை செய்யும். இந்த அக்கா முகம் பதினாலு டேக்லயும் எல்லாத்தையும் சொல்லிடுச்சு. அதான் அட்டையை வெச்சேன்.” வைரவன் பக்கம் திரும்பினாள். “உங்க ஃபோல்டரை நான் தொடலண்ணே. பழைய பில்லை நான் எதுக்குத் திறக்கப் போறேன்?”

வைரவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“இப்ப உங்களுது” என்றார் எஸ்தர்.

“வேணாம் மேடம்.”

“கதவோரம் உட்காருங்க.”

விளக்கு அணைந்தது. வைரவனின் காட்சி ஓடியது. சுத்தமான வேலை. மடிப்பு, வளையல், தங்கையின் பேச்சு. பிறகு வயலின் எழுந்தது. பாதி இருட்டில் அக்காவின் முகம் திரையை நிறைத்தது. கதவோரம் உட்கார்ந்திருந்தவனுக்கு மூச்சு நின்றது. ஒவ்வொரு முறையும் அவனுக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றது.

விளக்கு எரிந்தது.

“என்ன பார்த்தே?” என்று ஹபீபாவைக் கேட்டார் எஸ்தர்.

அவள் கதவோரம் ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“வயலின் சோகமா இருந்துச்சு. அக்கா… ஏதோ யோசிக்கிறாங்க.”

“வேற?”

“வேற தெரியல மேடம்.”

வைரவன் விதியை மறந்து எழுந்தான்.

“யோசிக்கிறாங்களா? அங்க இல்லாத முகத்தை நான் பார்த்தேன். இங்க இருக்கிற முகம் இதுக்குத் தெரியலையா? மேடம், அந்தப் பார்வை நடிப்பே இல்ல. அதுக்காகத்தான் எடுத்தேன். இந்த மாதிரி ஒண்ணு அந்த அம்மாவால திரும்பக் கொடுக்க முடியாது.”

“நடிப்பு இல்ல. ஒத்துக்கறேன்” என்றார் எஸ்தர். “வயலினை எடுங்க.”

எடுத்தான்.

“இருட்டையும் எடுங்க.”

எடுத்தான். டியூப்லைட் வெளிச்சத்தில் முகம் தட்டையாக இருந்தது.

“ஷாட்டோட வந்த சத்தத்தைப் போடுங்க.”

“கட் சொன்ன பிறகு உள்ள சத்தம் மேடம். வெறும் கூச்சல்.”

“கேட்டிருக்கீங்களா?”

அவன் சத்தத்தைத் திறந்தான்.

“கட்! ஓகே!” என்று ஒரு குரல். நாற்காலி இழுபட்டது. யாரோ இருமினார்கள். கேமராவுக்குப் பக்கத்தில், மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னாலிருந்து, ஒரு ஆண் குரல் கேட்டது.

“மேடம், உங்களுக்கு லெமன் டீயா, பால் டீயா?”

அந்த அம்மாள் அசையாமல் பார்த்தார். இரண்டரை விநாடி.

“பால் டீ. சக்கரை வேணாம்.”

ஹபீபா துப்பட்டா நுனியை வாயில் அழுத்திக்கொண்டாள்.

வைரவன் திருப்பிப் போட்டான். ஒரே முறைதான் பார்க்க வேண்டும் என்று யாரும் நினைவூட்டவில்லை. லெமன் டீயா, பால் டீயா. இன்னொரு முறை போட்டான். ஒவ்வொரு முறையும் அவர் யோசித்து, பால் டீ என்றார்.

“ஹபீபா” என்றார் எஸ்தர், “கீழ போய் டீ சொல்லிட்டு வா.”

கதவருகே போனவள் திரும்பினாள். “அண்ணே, உங்களுக்கு…” என்று ஆரம்பித்தவள், என்ன கேட்கப் போகிறோம் என்று உறைத்ததும் கேட்காமலே படியிறங்கிவிட்டாள்.

அவள் செருப்புச் சத்தம் அடங்கியது.

“அந்தப் பொண்ணு முன்னால…” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. “நாளையிலேருந்து நான் வரலை மேடம்.”

எஸ்தர் நோட்டை எடுத்து அவன் முன்னால் திறந்து வைத்தார்.

“பாக்கி இருக்கு. எழுதிட்டுப் போங்க.”

வைரவன் பேனாவைத் திறந்தான். காட்சி நாற்பத்தேழு. டேக் ஆறு, கட்டுக்குப் பிறகு. இரண்டரை விநாடி. அதற்கு மேலே ஹபீபாவின் வரி இருந்தது: ‘ஃபேன். முனகுகிறது.’ கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

“என்ன இருக்குன்னு எழுத?”

“டீ.”

எழுதினான். மிகச் சின்ன எழுத்தாக எழுதினான். பேனாவை எடுக்காமல் வைத்திருந்தான்.

“இவ வெட்டினதுதான் படத்துல போகுது, இல்லையா மேடம்?”

“ஆமா.”

“பேரும்?”

“பேரும்.”

தலையாட்டினான். நோட்டில் அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பக்கத்தில் நிறைய வெள்ளை இருந்தது.

“ரெண்டு தடவை பார்த்தேனே மேடம். இதுலயும் பார்த்தேன், அவ வெட்டினதுலயும் பார்த்தேன். வெறும் டீ இல்லையே அது. மீதியை எங்க எழுத?”

எஸ்தர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்தார். மேலே ‘48’ என்று ஒட்டியிருந்தது.

“கல்யாணம் முடிஞ்சுபோச்சு. வீட்டுல எல்லாரும் பொண்ணை அனுப்ப வாசலுக்குப் போயிட்டாங்க. அக்கா ரூம்ல தனியா புடவை மடிக்கிறா. முதுகை மட்டும்தான் எடுத்திருக்காங்க. முகமே கிடையாது. இது உங்களுக்கு மட்டும்.”

அதை நோட்டின்மேல் வைத்தார்.

“மீதியை எழுத வேணாம். வெச்சிருங்க. நாளைக்கு இதை வெட்டும்போது வேணும்.”